நீல டிரம் எலுமிச்சையின் மஞ்சள் இலைகள்

‘ஆனி 12. எலுமிச்சை. உச்சியில் மூன்று இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நேற்று இல்லை.’

என் நாட்குறிப்பில் உள்ள இந்த வரியை நானே ஒழுங்காகப் படித்திருந்தால் மூன்று வாரமாவது மிச்சமாகியிருக்கும்.

செடி என்னுடையது அல்ல. திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்பின் எதிர்வீட்டுப் பெண்ணுடையது. மொட்டை மாடியில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் நான்கு வருடமாக வளர்த்தவர், வேலை விஷயமாக வெளிநாடு போகும்போது என்னிடம் ஒப்படைத்தார்.

“எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுறவர் நீங்க ஒருத்தர்தான் அங்கிள். உங்களை நம்பித்தான் போறேன்.”

தை மாதம் அவர் திரும்பும்போது செடி உயிரோடு இருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் காட்ட வேண்டும்.

புத்தகங்களைப் புரட்டினேன். தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து தளிருக்குப் போய்விடும், அடி இலை முதலில் வெளுக்கும். இரும்பு அப்படி நகராது, தளிர்தான் வெளுக்கும். இதை அடிக்கோடிட்டும் வைத்தேன். அப்புறம், பூந்தமல்லி உரக்கடைக்குக் கொண்டுபோக ஓர் இலை கிள்ளும்போது, தளிரைக் கிள்ள மனம் வராமல், வயதாகி வெளுத்து எப்படியும் உதிரப்போகிற அடி இலையைக் கிள்ளினேன்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மெக்னீசியம் பத்தல சார். எப்சம் உப்பு கலக்கி ஊத்து.”

மூன்று வாரம் ஊற்றினேன். மஞ்சள் பதினோரு இலைகளுக்குப் பரவியது. எந்த இலை என்றைக்கு வெளுத்தது என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொன்றின் காம்பிலும் நூல் கட்டினேன். துணி உலர்த்த வந்த என் மனைவி நின்று பார்த்தாள்.

“ஆடி மாசம்னு செடிக்கும் காப்பு கட்டியாச்சா? அப்படியே கூழும் ஊத்திடுங்க.”

ஆடி 10 அன்று தளிரையே கிள்ளிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னா சார் நீ? பேரனுக்கு காய்ச்சல்னு தாத்தாவ இட்டாந்து காட்னா நான் இன்னா பண்ணுவேன்? இது இரும்பு. அன்னபேதி போடு.”

பச்சைத் தூளாக இருந்த அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, அவர் சொன்ன அளவில் கரைத்து ஊற்றினேன். பத்து நாள் தளிர் தேறியது மாதிரி இருந்தது. பதினோராம் நாள் திரும்பவும் மஞ்சள். அந்த ஞாயிறு, வீடியோவில் உச்சிக்கிளை தெரியாதபடி போனைச் சாய்த்துப் பிடித்தேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எரிச்சலாக வந்தது.

மூன்றாம் முறை கடைக்காரர் இலையைக் கையிலேயே வாங்கவில்லை. “தண்ணி இன்னா ஊத்துற?”

“ஆர்.ஓ. மெஷின்லேருந்து வெளியேறுதே, அந்தத் தண்ணி. பக்கெட்ல பிடிச்சு.”

“நம்ம பக்கம் போர் தண்ணியே உப்பு. அதுல கயிச்சி உட்டத போயி ஊத்திகினு கீற. மண்ணுல உப்பு ஏறினப்புறம் நீ மூட்டையா இரும்பு கொட்டினாலும் செடி எப்டி எடுக்கும்? எவன் சார் உனுக்கு இந்த ஐடியா குட்தான்?”

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். அவர் கேள்விக்குப் பதில் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருந்தது: ‘குடிநீர் இயந்திரக் கழிவு நீரை வீணாக்காமல் மாடிச் செடிகளுக்கு ஊற்றுவது. முன்மொழிந்தவர்: செயலாளர்.’ செயலாளர் நான்தான். கையெழுத்து, தேதி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நாட்குறிப்பில் இலைக் கணக்கு மட்டும் ஒன்பது பக்கம் வருகிறது. என்ன தண்ணீர் என்று ஓரிடத்திலும் இல்லை.

அடுத்த ஞாயிறு போனைச் சாய்க்காமல் எதிர்வீட்டுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஐயோ அங்கிள், அதையா ஊத்துனீங்க?” என்றார். அப்புறம் ஒவ்வொரு கிளையாகக் கிட்டத்தில் காட்டச் சொல்லிப் பார்த்தார். எனக்குத் திட்டு வாங்கியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் குடிக்கும் தண்ணீரே செடிக்கும். கூடவே இன்னொரு தவணை அன்னபேதி. அதே வாரம் மூன்று நாள் விடாமல் மழை. டிரம்மின் அடித்துளை வழியாக ஓடிக்கொண்டே இருந்தது.

‘ஆவணி 19. புதுத் தளிர் நான்கு. நான்கும் பச்சை.’

தேற்றியது தண்ணீரை மாற்றியதா, இரும்பா, மழையா என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமானால் பழைய தண்ணீரை மீண்டும் ஊற்றிப் பார்க்க வேண்டும். செடி என்னுடையது அல்ல. எனவே அந்தத் தேதிக்கு எதிரே ‘காரணம்: உறுதி செய்யப்படவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.