ஆதம்லெவ்வை சேர் குடித்துப் பார்த்த கிணறு

சட்டத்தரணி ஆதம்லெவ்வை சேரின் கிணற்று வழக்குக்கு வேறு தவணை கேட்க நான் நீதிமன்ற வாசலில் நின்றிருந்தபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் காலமானார் என்ற ஜனாஸா அறிவித்தல் கேட்டது. நான் அவருடைய எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். அவருக்குச் சுகமில்லை என்ற வைத்தியச் சான்றிதழ் என் கையில் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தண்ணீருக்காகவும் கடற்கரை மணலுக்காகவும் வழக்காடிக் கல்முனையில் யார் பிழைத்தார் என்று நாங்கள் கேலி செய்வோம். வழக்கோடு வருபவர் தன் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவர வேண்டும். அதைக் குடித்த பிறகுதான் சேர் வழக்குக் கோவையைத் திறப்பார். "குடிக்காம எப்பிடிக் கதைக்கிற, தம்பி?" என்பார்.

சுனாமியில் கரையோரக் கிணறுகள் உப்பாகின. உப்புத் தண்ணீரை இறைத்து வெளியேற்ற இயந்திரம் வேண்டுமென்று சேர் மனுப் போட்டு வென்றார். நாங்கள் கற்கண்டு பகிர்ந்தோம். நாட்கணக்கில் இறைத்தார்கள். எங்கள் மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் கிடக்கும். மேலே இருந்ததை உறிஞ்சியதும் கீழே இருந்த உப்பு ஏறிவிட்டது. இறைக்காமல், மழை கழுவட்டும் என்று விட்டிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் பிறகுதான் சொன்னார்கள்.

முதல் மனுதாரர் ஆசியா உம்மா. இடிந்த கிணற்றுக் கரையில் நின்று அவரிடம், "ராத்தா, இறைக்கச் சொன்னது நான்தான். என்ட பிழைதான்" என்றார் சேர். "நீங்க என்ன செய்யிற, கடல்தானே வந்த" என்று சொல்லி, அந்தத் தண்ணீரிலேயே தேநீர் ஊற்றித் தந்தார் ஆசியா உம்மா. என்னால் ஒரு மிடறுக்கு மேல் முடியவில்லை. சேர் முழுக் கோப்பையும் குடித்தார்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா தொழுகை முடிந்து அங்கே போய் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். கிணறு திருந்தும்வரை அந்த ஒழுங்கை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு இரண்டாவது வழக்குப் போட்டார். நாட்டில் சண்டை நேரம், பொறுங்கள் என்றார்கள் அதிகாரிகள். சண்டை முடிந்து ஊரில் வெடி கொளுத்திய அன்று, "இனி என்ன சாட்டுச் சொல்லுவாங்க?" என்று என்னிடம் கேட்டார். அதிகாரி மாறிவிட்டார் என்றார்கள்.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அன்று நான் தவணை கேட்கப் போன அந்த வழக்கை எடுக்க இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை. லிகிதரால் வாதாட முடியாது. சேரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள முடிந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

போன வெள்ளி போனேன். ஆசியா உம்மா வாளியை நீட்டிவிட்டு, நான் ஒரு வாய் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னும் உப்புத்தான், சேர்.