பஸ்ஸில் பார்த்த என் நாவலின் அட்டை

ஆவுடையார்கோவில் பஸ்ஸில் பக்கத்து சீட் பெண்ணின் லேப்டாப்பில் என் நாவலின் அட்டை!

சொந்தச் செலவில் நான் போடும் நாவலுக்கு அட்டை வடிவமைப்பவள் இவள்தான். மெசேஜில் மட்டுமே பழக்கம். காலையில்தான், "உங்களுக்கு அக்கறையே இல்லை" என்று எரிந்து விழுந்திருந்தேன்.

என்னை யாரென்று தெரியாமல் கேட்டாள்: "அக்கா, இந்தப் படகு இங்கிட்டு இருந்தா நல்லாருக்கா, அங்கிட்டா? எழுதுன மேடத்துக்கு எதுவுமே பிடிக்க மாட்டேங்குது."

நான்தான் அந்த மேடம் என்று காட்டிக்கொள்ளாமல் திரையை எட்டிப் பார்த்தேன். அட்டை அழகாகத்தான் இருந்தது. ஆனாலும், "கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"நீங்களும் அவங்க மாதிரியே இருக்கீங்கக்கா" என்று சிரித்தாள்.

இப்போது அவளிடமிருந்து மெசேஜ்: "பஸ்ல ஒரு அக்கா சொன்னாங்க மேடம், படகைத் தள்ளிட்டேன்."

முதலில் இருந்ததே நன்றாக இருந்தது. அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பக் கேட்பேன், சொல்லுங்கள்.