றீற்றா அக்கா அரசியிடம் சொன்ன பெயர்

செய்தி வந்தபோது மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் முன்னால் காருக்குள் இருந்தேன். றீற்றா அக்காவின் மகள் ஜெனி போன் எடுத்தாள். "அங்கிள், அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா. பீஸ்ஃபுல்லாத்தான்" என்றாள். பிறகு, "இல்லை, பீஸ்ஃபுல் இல்லை. ஏன் எல்லாருக்கும் அப்பிடிச் சொல்லிக்கொண்டிருக்கிறன் எண்டு தெரியேல்லை" என்று அழத் தொடங்கினாள்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை அறிந்தவர்கள் அக்காவையும் அறிவீர்கள். மன்னாரிலிருந்து வந்தவர். நகரத்தின் ஒப்பெரா என்ற மேலைத்தேய இசைநாடகக் குழு ஒன்றில் கூட்டுப்பாடகியாகவும் இருந்தார். சிப்பாய் வேடத்தில் நிற்க உயரமான ஆட்கள் தேவை என்று ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "உமக்கென்ன, வாயைத் திறக்காமல் ஈட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் சரி" என்றார். அப்படித்தான் அரசி வந்த இரவில் நானும் அந்த மேடையில் நின்றேன்.

அவருக்கு அமலதாஸ் என்று ஒரு தம்பி. போர்க்காலத்தில் ஐரோப்பிய நாடொன்றுக்குப் போய்ப் புகலிடம் கேட்டவர். மறுத்துவிட்டார்கள். காவலர்களோடு விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்துக்கு வெளியே காத்திருந்த தாயிடம் அவர் வந்து சேரவில்லை. அதன்பின் அவரை யாரும் காணவில்லை. அக்கா இதைப் பற்றிப் பேசுவதில்லை. இறந்தவர்களுக்கான பூசையில் தம்பியின் பெயரையும் சொல்லுவோமா என்று யாராவது கேட்டால் மட்டும், "அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" என்பார்.

அதே நாட்டின் அரசி கனடாவுக்கு வந்தார். எங்கள் ஒப்பெராவின் விழா இரவுக்கு வருவதாகவும், முடிந்தபின் மேடைக்கு வந்து எல்லோரையும் சந்திப்பதாகவும் ஒத்திகையில் சொன்னார்கள். எப்படி முழங்காலை மடித்து வணங்குவது, கேட்டால் மட்டுமே பேசுவது என்றெல்லாம் ஒரு பெண்மணி வந்து பழக்கினார். அக்காதான் அதை மிக ஒழுங்காகப் பழகினார். எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, ஏலாதெண்டால் அண்டைக்கு லீவு எடுங்கோவன்."

"நான் என்ன பிழை செய்தனான், ஒளிக்கிறதுக்கு?"

அன்று அவர் ஒரு இடத்திலும் சுருதி பிசகாமல் பாடினார். திரை விழுந்தது. வேடத்தோடே வரிசையாக நின்றோம். அரசி வந்தார். சிறிய உருவம், களைத்த கண்கள். அக்காவின் முன்னால் நின்று, எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா முறைப்படி முழங்காலை மடித்து எழுந்தார்.

"இலங்கையில் மன்னார். என் தம்பி உங்கள் நாட்டில் புகலிடம் கேட்டான். திருப்பி அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை. அவன் பெயர் அமலதாஸ்."

குரல் உயரவில்லை. அரசியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. "அமல..." என்றார்.

"அமலதாஸ்."

அரசி அதை முழுதாக ஒருதரம் சொன்னார். வருந்துகிறேன் என்றார். அதற்குள் ஓர் அதிகாரி அவருடைய முழங்கையைத் தொட்டார். எஞ்சிய எங்களைப் பார்க்காமலே கடந்து போனார்கள்.

அடுத்த பருவத்துக்கு அக்காவுக்கு ஒப்பந்தம் வரவில்லை. ஆட்களைக் குறைக்கிறோம் என்றார்கள். குறைக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். எங்களுடைய தமிழ் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. "கிடைச்ச சான்ஸிலை நாலு கேள்வி நல்லாக் கேட்டிருக்கலாம்" என்றார் ஒருவர். "வேலை குடுத்த இடத்திலை உப்பிடிக் கதைக்கலாமோ?" என்றார் இன்னொருவர். அரண்மனையிலிருந்து பதில் ஏதும் வந்ததா என்று நான் அக்காவிடம் கேட்டேன்.

"பதிலுக்காகச் சொல்லேல்லை. திருப்பி அனுப்பினவைக்கு அவன் ஒரு நம்பர்தான். அந்த நாட்டிலை ஒரு ஆளாவது அவன்ரை பேரை வாயாலை சொல்லட்டும் எண்டுதான்."

பிறகு புற்றுநோய். முதலில் குரலைத்தான் கொண்டுபோனது. வோபர்னில் அவருடைய அப்பார்ட்மென்டுக்குப் போனால், அவர் பேசுவதைக் கேட்கக் காதை வாயருகே கொண்டுபோக வேண்டும். கடைசியாகப் போன நாளில் என் கையைப் பிடித்தார்.

"என்ரை பூசையிலை அவன்ரை பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லும்."

நான் இன்னும் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இனி அவனைத் தேட ஆக்கள் இல்லை" என்றார்.

அக்காவின் பூசையில் சுவாமியார் இரண்டு பெயர்களையும் சொன்னார். பீடத்தின் முன்னால் ஒரு சவப்பெட்டிதான் இருந்தது. ஜெனி தான் ஒருநாளும் கண்டிராத மாமாவுக்காகவும் சேர்த்து அழுதாள்.

அக்காவின் பொறுமையைப் பற்றி அன்று பலர் பேசினார்கள். நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. கத்தாமல், தலை குனியாமல், சொல்ல வேண்டியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதனால் வருவதை ஏற்றுக்கொண்ட கோபம் அது. எனக்கு அது இலேசில் வராது. பழகப் பார்க்கிறேன்.