ராஜா வேஷம் கேட்ட தலைவர்

நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இடைக்கால இங்கிலாந்து என் பாடம். ஒன்பது வருடமாக அந்த ராஜாக்களோடு புழங்கியதில் அவர்கள் மேல் எனக்கு மிஞ்சியிருப்பது இளக்காரம் மட்டும்தான். அண்ணன் மகனைச் சிறையில் வைத்துத் தீர்த்துக்கட்டியதாகப் பேர் வாங்கியவன் ஒருவன். மனைவியும் அவள் காதலனும் சேர்ந்து சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டவன் ஒருவன். பெரியப்பா மகனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, அவன் அங்கே பட்டினியில் செத்துப்போனதும் ஊருக்கு முன்னால் துக்கம் காத்தவன் ஒருவன். வரப்புக்கு அடித்துக்கொள்ளும் பங்காளிகளின் தலையில் கிரீடத்தை வைத்ததுபோலத்தான் இருக்கும் அந்த வம்சம். வாளும் குதிரையும் எதிர்பார்த்து வரும் மாணவர்களின் ஆசையை முதல் வாரத்திலேயே கெடுத்துவிடுவேன்.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் தலைவருக்கு என் வேலை என்னவென்று தெரியவர ஆறு வருடம் ஆயிற்று. அவர் பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் டைரக்டர். சங்க விதிப்படி தலைவர் பதவி இரண்டு வருடம்தான். இவர் ஏழாவது வருடத்தில் இருந்தார். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் பாதிப் பேர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துப் பொதுக்குழுவைக் கூட்டி, ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்று விதியை மாற்றிக்கொண்டார். மைக்கும் மின்னஞ்சல் பட்டியலின் பாஸ்வேர்டும் அவரிடம் இருந்தன. அதற்கு மேல் ஒரு சங்கத்தை ஆள எதுவும் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்ஜ்வாட்டரில் தமிழ்ப் பள்ளி நடக்கும் இடத்தின் பார்க்கிங்கில், என் கார் கண்ணாடியைத் தட்டினார்.

"மேடம், நீங்க ஹிஸ்டரி ப்ரொஃபசராமே. இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு ஒரு டிராமா எழுதித் தாங்களேன். எப்பப் பாத்தாலும் சோழன், பாண்டியன்னே போட்டுட்டிருக்கோம். ஒரு இங்கிலீஷ் ராஜா கதையைத் தமிழ்ல போட்டா நம்ம பிள்ளைங்களும் ரிலேட் பண்ணுவாங்க."

"ராஜா வேஷம் யாரு?"

"கமிட்டில எல்லாரும் என்னையே பண்ணச் சொல்றாங்க."

கமிட்டியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஒத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ராஜாக்களிலேயே மட்டமான ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். அதில் விஷமம் இருந்தது, மறைப்பதற்கில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன் அவன். அப்பன் சேர்த்துவைத்த பிரெஞ்சு மண்ணைத் தொலைத்தவன். தன்னைப் பகைத்துக்கொண்ட ஒரு பிரபுவின் மனைவியையும் மகனையும் பட்டினி போட்டுக் கொன்றவன். கடைசியில் அவனுடைய பிரபுக்களே ஆயுதம் எடுத்து, தேம்ஸ் நதிக்கரையில் ஒரு புல்வெளியில் அவனை நிறுத்தி, மேக்னா கார்ட்டா என்று இன்று எல்லோரும் கும்பிடும் சாசனத்தில் முத்திரை வைக்கச் செய்தார்கள். பிரபுக்களும் யோக்கியர்கள் இல்லை. சாசனம் சுதந்திர மனிதர்களுக்கு என்றது. அவர்களுடைய வயலில் உழுதுகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இதை நான்கு காட்சிகளாக எழுதி அனுப்பினேன். மறுநாளே தலைவர் போன் செய்தார்.

"மேடம், ராஜான்னா கொஞ்சம் கம்பீரமா இருக்க வேணாமா? இதுல அவன் ஃபுல்லா திட்டு வாங்கிட்டே இருக்கான்."

"அவன் அப்படித்தாங்க இருந்தான்."

"சரி, கடைசி சீனை மட்டும் மாத்திடலாம். அவனாவே மனசு வந்து, மக்களுக்கு அந்த டாக்குமெண்ட்டைக் குடுக்கறான். பாசிட்டிவா முடியும்."

"சுத்தி படை நிக்குது சார். மனசு வந்து எங்க குடுத்தான்?"

"படை இருக்கட்டும் மேடம், படை நல்லாத்தான் இருக்கு."

நான் மாற்ற மறுத்தேன். அவரே மாற்றிக்கொண்டார்.

பிரபுக்களாக நடித்த ஆறு பேரும் கமிட்டி உறுப்பினர்கள். அவர்களில் மூத்தவர் ஒரு பல் டாக்டர். நாலு வருடமாகத் துணைத் தலைவர். அடுத்த முறை நீங்கள்தான் என்று ஒவ்வொரு வருடமும் அவருக்குச் சொல்லப்பட்டு வந்தது. ஒத்திகை முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், நிஜத்துல அவனை எப்படி மடக்கினாங்க?"

"லண்டனைப் பிடிச்சாங்க. அப்புறம் அவனுக்கு வேற வழியில்லாம போச்சு."

அவர் கோப்பையைச் சுழற்றினார். "நம்ம லண்டன் எது?"

"மின்னஞ்சல் லிஸ்ட்தான்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று பிறகு பலரிடம் சொல்லிப் பார்த்தேன். சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆறு பிரபுக்களில் ஒருவர். அந்த வாரமே பாஸ்வேர்டு மாறியது. தலைவருக்கு அது தெரியாது.

ஆண்டு விழா அன்று பள்ளியின் இசை அறையில்தான் ஒப்பனை. தலைவர் தன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த மெரூன் ஷெர்வானியைப் போட்டு, மேலே ஒரு வெல்வெட் திரைச்சீலையைப் போர்த்தியிருந்தார். தலையில் தங்கத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம். பல் டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். இரண்டு மாதத்துக்குள் தேர்தல், தலைவர் மறுபடி நிற்கக் கூடாது. கையெழுத்துப் போடாவிட்டால் யாரும் மேடை ஏறமாட்டார்கள். ஏன் ஏறவில்லை என்று உறுப்பினர் அனைவருக்கும் இப்போதே ஒரு மின்னஞ்சலும் போகும்.

"இங்கயா? இப்பவா?" என்றார் தலைவர்.

"இங்கதான் சார் நீங்க மைக் இல்லாம இருக்கீங்க."

வெளியே குழந்தைகளின் கோலாட்டம் முடிந்துவிட்டது. தொகுப்பாளர் மூன்றாவது தடவையாக எல்லோரையும் கைதட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க."

நான் ஸ்கிரிப்டைப் புரட்டினேன். தலைவர் கிரீடம் நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பியானோ மூடியின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிடம் கழித்து மேடையில், தானே திருத்திய கடைசிக் காட்சியில், கண் கலங்க, "என் மக்களே, இது என் அன்புப் பரிசு" என்று சாசனத்தை வழங்கினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிரபுக்கள் மண்டியிட்டு வணங்கினார்கள். அதுவும் அவர் சேர்த்ததுதான்.

பதினைந்து வயது என் மகள் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் உள்ளே நடந்ததைச் சொன்னேன். "ஸோ, எவ்ரிபடி இஸ் ஆஃபுல்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு அதில் ஆர்வம் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தலைவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது. அந்த ராஜாவும் இதையேதான் செய்தான். முத்திரையின் மெழுகு ஆறுவதற்குள் போப்புக்கு எழுதி, பலவந்தமாக வாங்கியது என்று சொல்லி, அந்தக் கோடையிலேயே சாசனத்தை ரத்து செய்ய வைத்தான். தலைவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வருடம் எங்களுக்கு இரண்டு பொங்கல் விழா. ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு பள்ளிகள். மின்னஞ்சல் பட்டியல் டாக்டர் கையில் இருந்ததால் கூட்டமும் அவர் பக்கம். தலைவரின் விழாவுக்கு அவருடைய சொந்தக்காரர்களும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களும் போனார்கள். சர்க்கரைப் பொங்கலை ஆளுக்கு ஒரு அலுமினிய டிரே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாராம். மார்ச்சில் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு டெக்ஸஸுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அந்த ராஜா சண்டைக்கு நடுவே வயிற்றுப்போக்கில் செத்தான். இவர் கொஞ்சம் கௌரவமாகவே போனார் என்று சொல்ல வேண்டும்.

டாக்டர் போட்டியின்றித் தலைவரானார். எனக்குக் கலாச்சாரச் செயலாளர் பதவி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

முதல் கமிட்டிக் கூட்டம் டாக்டர் வீட்டு பேஸ்மெண்ட்டில். மகளை நீச்சல் பயிற்சியிலிருந்து நேராக அழைத்துப் போயிருந்ததால், அவள் ஓரத்துச் சோபாவில் ஈரத் தலையோடு உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சமோசா முடிந்து டீ வந்ததும் டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷத்துல ஒண்ணும் செய்ய முடியாதுங்க. ஸ்டெபிலிட்டி வேணும். டெர்மை நாலு வருஷமா மாத்திடலாம்னு ஒரு யோசனை. கமிட்டி முழுக்கத்தான், எனக்கு மட்டும் இல்ல."

கைகள் உயர்ந்தன. அடுத்த ஆண்டு விழாவுக்கு நான் ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தேன். அதற்கு அடுத்த வருடத்துக்கும் ஒன்று இருந்தது. அந்தப் பிரபுக்கள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் கையும் தோள் உயரத்துக்குப் போனது. டாக்டர் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்.

காரில் ஏறி 287 நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு மகள் கேட்டாள்.

"டிட் யூ வோட் ஃபார் தட்?"

"ஆமா."

"வொய்?"

நல்ல திட்டங்கள் இருக்கின்றன, அனுபவம் வேண்டும், நடுவில் விட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் என் குரல் எனக்கே சகிக்கவில்லை. நிறுத்திக்கொண்டேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான்கு வருடம் அந்தப் பதவியில் இருந்தேன்.