எக்ஸ்சேஞ்ச் அக்காவின் அரைப்பக்கம்

ஒருவரைப் புகழ்வதும் அவருக்கு உதவுவதும் ஒரே வேலைதானா? எங்கள் பத்திரிகையில் இருபத்தோரு ஆண்டுகளாக, வியாழன்தோறும் முன்னாள் படைவீரர்களுக்கான அரைப்பக்கத்தைத் தயாரித்துவந்த அக்காவை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் வாய்விட்டு இதைக் கேட்டவரல்ல. வரும் கடிதங்களில் ‘வீர’ என்ற சொல் எங்கே இருந்தாலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பார், அவ்வளவுதான்.

ராணுவத்தில் பதினைந்து ஆண்டுகள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. அவருடைய மேசையில் ஒரு மேசைத் தொலைபேசியும் ஓர் அடிஸ்கேலும் ஒரு தடித்த நோட்டும் இருக்கும். ஓய்வூதியப் படிவம் மாறியிருக்கிறது, ராணுவ மருத்துவமனையில் கண் பார்க்கும் நாள் மாறியிருக்கிறது, இன்னார் காலமானார் என்பவைதான் அரைப்பக்கத்தின் செய்திகள். கீழே ‘தேடுகிறோம்’ என்றொரு பகுதி. பழைய தோழரைத் தேடுபவர்கள், சாட்சி தேடுபவர்கள் எழுதிப் போடும் கடிதங்களை மூன்று வரியாக்கிவிடுவார். படை எண், பிரிவு, ஆண்டு, இடம், என்ன வேண்டும். நாலாவது வரி யாருக்கும் கிடையாது.

அச்சுக்குப் போகும் முன் கடிதம் எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏழு இலக்க எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்வார். அறை முழுக்கக் கேட்கும்.

“ஏழா, ஒண்ணா? இன்னொரு தடவை சொல்லுங்க. ம். அடுத்தது?”

“அக்கா, போர் முடிஞ்சிருச்சு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்பார் விளையாட்டுப் பக்கத்துக்காரர்.

“உன் பக்கத்துல நேத்து தோத்த டீம் இன்னிக்கு ஜெயிச்சிருக்கு. முதல்ல அதைப் போய்ப் பாரு.”

உள்ளதைச் சொன்னால், அந்த அரைப்பக்கம் படிக்கச் சுவையாக இருந்ததில்லை. பத்திரிகை படிக்கிறவர்களில் பாதிப்பேர் அதைத் தாண்டித்தான் போவார்கள். அக்காவுக்கும் அது தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கள்கிழமை காலை, ராணுவ லாரி டிரைவராக இருந்த ஒருவர் மனைவியோடு வந்தார். வலது காது எங்கள் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். மனைவிதான் பேசினார்.

“இடது காது முப்பத்தஞ்சு வருஷமாக் கேக்காதும்மா. இப்போ வலதும் போகுது. ராணுவ ஆஸ்பத்திரில காது மெஷின் கேட்டோம். ஃபைலைப் பாத்துட்டு, ‘படையில சேர்றதுக்கு முன்னாடியே இருந்த கோளாறு’ன்னு எழுதியிருக்குங்கறாங்க.”

“அப்படின்னா நான் பொய் சொல்லிச் சேந்தேன்னு அர்த்தம்” என்றார் டிரைவர். காது கேளாதவர்களுக்கு வரும் உரத்த குரல். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

ஓர் ஆற்றுப்பாலத்தருகே கண்ணிவெடி வெடித்து இரண்டாவது லாரி போனது. மூன்றாவது லாரியை ஓட்டிவந்த இவருக்கு அந்த வெடிச்சத்தத்தில்தான் இடது காது போயிற்று. அன்று யார் யார் அந்த வரிசையில் போனார்கள் என்ற பதிவேடு, பின்னொரு வெள்ளத்தில் ஊறி அழிந்துவிட்டது. ஃபைலை மறுபடி பார்க்கும் மருத்துவக் குழு கூடுவதற்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் உடன் இருந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த வரியை மாற்றுவார்கள். இல்லையென்றால் அதுவே முடிவு.

அக்கா குனிந்து அவருடைய வலது காதருகே கேட்டார். “அண்ணே, உங்களுக்கு மெஷின் முக்கியமா, அந்த வரி முக்கியமா?”

“மெஷினை வெளியிலகூட வாங்கிக்கலாம். அந்த வரியை எங்க போய் மாத்தறது?”

அந்த வாரமே மூன்று வரி வந்தது. ஒரே ஒரு அழைப்பு வந்தது. ஓய்வூதிய விலாசத்தை மாற்றுவது எப்படி என்று கேட்டார் ஒருவர். அடுத்த வியாழனும் அதையே போட்டார். அதற்கு அதுவும் இல்லை.

இதற்கிடையில் மாடியிலிருந்த வீடியோ பிரிவு விஷயத்தைக் கேள்விப்பட்டது. அதன் பொறுப்பாளர் முப்பது வயதுப் பெண். அக்கா அவருக்கு வைத்த பெயர் ‘சினிமா’. அவர் டிரைவரின் வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்தார். நரம்போடிய கைகள், சுவரில் பழைய சீருடைப் படம், பின்னால் வயலின். தலைப்பு, ‘நாம் மறந்த மாவீரன்’. மூன்றே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். முதலாளி தானே மாடியேறிப் போய்ப் பாராட்டிவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் டிரைவரின் மனைவி மட்டும் வந்தார்.

“நல்லாத்தான் எடுத்துச்சு அந்தப் பொண்ணு, நானே அழுதுட்டேன். ஆனா தெருவுல எல்லாரும் பழைய போர்வை கொண்டாந்து குடுக்கறாங்கம்மா. இவரு வாசல் பக்கமே வரமாட்டேங்கறாரு. எங்ககிட்ட போர்வை இருக்கு.”

“சாட்சின்னு யாராவது?”

“ஒருத்தரும் வரலை.”

அக்கா எழுந்து மாடிக்குப் போனார். மாடியில் இன்று இடி விழும் என்று நினைத்துப் பின்னாலேயே போனோம். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு வீடியோவை முழுதாகப் பார்த்தார்.

“மூஞ்சி தெளிவா விழுந்திருக்கு, சினிமா. கூட இருந்தவங்க பாத்தா அடையாளம் தெரியும். ஆனா எந்தப் பாலம், எந்த வருஷம், யாரைத் தேடறோம்னு ஒண்ணுமே இல்லையே?”

“அதெல்லாம் போட்டா யாருக்கா பாப்பாங்க?”

“எனக்கு ஒருத்தர் பாத்தாப் போதும். அவர் உன் நாலு லட்சத்துல இருக்காரான்னு தெரியாது. என் அரைப்பக்கத்துல இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு.”

மறுநாளே மறுபடி எடுத்தார்கள். நாற்பது நொடி. டிரைவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து படை எண், ஆண்டு, பாலம், மூன்றாவது லாரி என்று சொன்னார்.

“லேசா ஒரு வயலின்கூட வேண்டாமா?” என்றார் சினிமா.

“அவருக்கே கேக்கப்போறதில்ல, விடு.”

வீடியோவுக்குக் கீழே அரைப்பக்கத்தில் வந்த மூன்று வரிகளை எழுத்து மாறாமல் போட்டார்கள். தவறு அங்கேதான் நடந்தது. அக்காவுக்கு ஏழு இலக்கம் என்றால் ஒரு மனிதர். கைபேசிக்கு அது ஒரு தொலைபேசி எண். பார்த்தவர்களின் திரையில் டிரைவரின் படை எண் நீலநிறமாகி அடிக்கோட்டுடன் நின்றது. தொட்டால் எங்கோ மணி அடித்தது. மாடியில் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அக்காவிடம் அப்படிப்பட்ட கைபேசியே இல்லை.

மூன்றாம் நாள் ஒரு மெத்தைக் கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே வந்தார்.

“இங்க யாருங்க ராணுவம்? ரெண்டு நாளா என் கடைக்கு ஃபோன் மேல ஃபோன். எடுத்தா அழறாங்க. ஒருத்தர் ஃபோன்லயே சல்யூட் அடிக்கறேங்கறாரு. நான் என்ன பண்ணுவேன், ‘சரிங்க’ன்னேன்.”

கீழே வந்திருந்த சினிமாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அக்காவின் கண் நோட்டில் இருந்தது.

“இது என்ன?”

“ஆர்டர் நோட்டு. கடைக்கு யார் கூப்பிட்டாலும் பேரு, நம்பரு, என்ன வேணும்னு குறிச்சுக்கறது எங்க பழக்கம். முதல்ல ஆர்டர்னுதான் நினைச்சேன். அப்புறம் கை தானா எழுதிருச்சு.”

அறுபத்து மூன்று பேர். அக்கா அடிஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினார். நாற்பத்தோராவது வரியில் ஸ்கேல் நின்றது. ‘மிலிட்டரி சமையல்காரர். மூணாவது லாரி. திரும்பக் கூப்பிடவும். மெத்தை வேண்டாம்.’

அக்கா கூப்பிட்டார். முதலில் அவருடைய படை எண்ணைக் கேட்டு, படித்துக்காட்டி, திருப்பிச் சொல்லவைத்தார். அப்புறம்தான் டிரைவரைப் பற்றிக் கேட்டார். சமையல்காரருக்குப் பார்வை மங்கிவிட்டது, பத்திரிகை படிப்பதை விட்டு வெகுநாளாயிற்று. மகள் கைபேசியை மூக்கருகே பிடித்துக்காட்டியதில் முகம் தெரிந்திருக்கிறது.

“அவனுக்கா சேரும்போதே காது கேக்கல? நல்ல கதையா இருக்கே. வளைவுல வண்டி திரும்பறதுக்கு முன்னாடியே எந்த வண்டின்னு சத்தத்தை வெச்சுச் சொல்லுவான். அவன் சொன்னப்புறந்தான் நான் உலை வெப்பேன். வெடிச்ச மறுநாள் அவனுக்குப் பின்னால நின்னு தட்டை நீட்டிக் கூப்பிடறேன், திரும்பவே இல்ல. என்மேல ஏதோ கோவம்னு நினைச்சுட்டேன். இத்தனை வருஷமா அப்படித்தாம்மா நினைச்சிட்டிருக்கேன்.”

அதையே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மருத்துவக் குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு தபால் வந்துசேர்ந்தது. பழைய வரியை அடித்துவிட்டு, ‘பணியின்போது ஏற்பட்டது’ என்று எழுதி முத்திரை வைத்தார்கள்.

வலது காதில் மெஷினோடு டிரைவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். திருத்திய பக்கத்தின் நகலை அக்காவிடம் கொடுக்காமல் தானே வாசித்துக்காட்டினார். இந்தமுறை குரல் உரக்க இல்லை. மாடிக்கும் போய் வாசித்தார். பிறகு மெத்தைக் கடையின் விலாசம் கேட்டார். நானும் சினிமாவும் கூட்டிப்போனோம். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, “ஐயா, உங்களுக்கு வந்த வணக்கத்தையெல்லாம் நான் வாங்கி வெச்சிருக்கேன். எடுத்துக்கங்க” என்று கை கூப்பினார். டிரைவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அதுல ஐம்பதை நீங்களே வெச்சுக்கங்க தம்பி” என்றார்.

புகழ்ச்சியை எளிதில் நம்புகிறவன் இல்லை நான். இருந்தாலும் அந்த வயலினுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அது பரப்பிய முகம் என்பதால்தான் இரண்டாவது வீடியோவும் சமையல்காரர் மகளின் கைபேசிவரை போய்ச்சேர்ந்தது. அக்காவின் மூன்று வரி இல்லாவிட்டால் அவரும் அழுதுவிட்டுப் போயிருப்பார். ஒரு கடைக்காரரின் கைப்பழக்கம் இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. உதவி என்பது ஒருவரிடம் முழுதாக இருப்பதில்லை போலும்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, இனி முழுப்பக்கம் தருகிறேன், கீழே தனி அறையும் தருகிறேன் என்றார். அரைப்பக்கமே போதும், அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த திங்களன்று பார்த்தால் அவருடைய மேசை காலியாக இருந்தது. தொலைபேசி, அடிஸ்கேல், நோட்டு எல்லாவற்றையும் மாடிக்கு எடுத்துக்கொண்டுபோய், சினிமாவின் மேசைக்கு எதிரே போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். முழங்கால் வலியோடு தினமும் இருபத்தெட்டுப் படி.

ஏன் என்று கேட்டவர்களிடம், “மேல நல்லா காத்து வருது” என்றார். ஒலிப்பதிவுக்காக நாலு பக்கமும் அடைத்துக் கட்டிய அறை அது. ஜன்னலே கிடையாது.