எண்ணாத நாளின் பக்கம்

இஸ்மாயில் பாய் காலமானதை அவர் மகள் நஸீமா போனில் சொன்னபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். படுக்கையில் விழாமல், காலை டீ குடித்த நாற்காலியிலேயே போயிருக்கிறார். அவர் ஆசைப்பட்டதும் அதுவே என்பதால் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஆனால் நஸீமா விடவில்லை. "நேத்துக்கூட அத்தா நல்லாத்தானுங்க டீச்சர் இருந்தாரு. நான் எதைக் கவனிக்காம உட்டேன்?" என்று கேட்டாள்.

ஏற்காட்டுத் தபால் ஆபீசில் தந்தி அடித்த பாயை நம்மூர்க்காரர்கள் பலருக்குத் தெரியும். என் ஆராய்ச்சியைக் காப்பாற்றியவர் அவர் என்பது தெரியாது. நான் இத்தனை நாள் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். இரவல் வாங்கிய கதிரியக்கப் பொருளைக் கருவியின் முன் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் தினமும் மாலை எண்ணுவேன். ஒரு நிமிட எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒன்று, இரட்டைப்படை என்றால் சுழி என்று குறிப்பேன். நாளுக்கு ஒரு பக்கம். எந்த அணு எப்போது சிதையும் என்பது இயற்கையிலேயே முன்கூட்டித் தீர்மானமாவதில்லை என்கிறது குவாண்டம் இயற்பியல். அது உண்மையென்றால் என் வரிசையில் எந்த ஒழுங்கும் தென்படக் கூடாது. அதைச் சோதிப்பதே என் வேலை.

நான் விளக்கியதும் பாய் இதைத் தன் தொழில் வழியாகவே பிடித்துக்கொண்டார். "நூறு சுழி வந்தா 'நூறு சுழி'ன்னு ரெண்டே வார்த்தைல அடிச்சிருவேன். உங்களுதைச் சுருக்க வழியே இல்லீங்க, முழுசா அடிக்கணும்" என்றார். தற்செயலுக்குக் கணிதக்காரர்கள் தரும் இலக்கணமும் ஏறக்குறைய அதுதான்.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் அனுப்பக் கொண்டுபோன அன்று, சீல் வைக்கும் முன் அதைப் புரட்டினார். ஒன்றையும் சுழியையும் தந்திபோல மேசையில் விரலால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. வரிசையை ஒரு போஸ்ட் கார்டால் மூடி, மெல்ல நகர்த்தினார். ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அடுத்தது மாறும் என்றார். மாறியது. பக்கம் முடியும்வரை ஒருதடவைகூட அவர் தோற்கவில்லை. மற்றப் பக்கங்களிலோ பதினொரு ஒன்று தொடர்ந்தாற்போல் வந்த இடமும் உண்டு.

"ஏனுங்க டீச்சர், இது எண்ணுனது இல்லீங்களே. எழுதுனது."

சேர்வராயன் கோயில் திருவிழா நாளின் பக்கம் அது. மஞ்சக்குட்டை கிராமத்தில் தோழி வீட்டுக்குப் போனவள், திருவிழாக் கூட்டத்தில் திரும்ப ஜீப் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன்; அன்று மாலை எண்ண முடியவில்லை. மறுநாள் மனதுக்குத் தோன்றியபடி அந்தப் பக்கத்தை நிரப்பினேன். தற்செயல் என்றால் அடிக்கடி மாற வேண்டும் என்று, இயற்பியல் படித்த இந்த மண்டைக்கே தோன்றியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாய் திட்டவில்லை. "கம்பி அறுந்து சேதி பாதில நின்னா, மீதிய நானா எழுதிக் குடுக்க முடியுமுங்களா? தெரியாத எடத்தக் காலியா உடுங்க" என்றார்.

பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த நாளைக் கழித்துக் கணக்கெல்லாம் திருத்தி, 'எண்ணவில்லை' என்று மட்டும் எழுதிய வெறும் பக்கத்தோடு ஒரு வாரம் தாமதமாக அனுப்பினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தப் பதினொரு ஒன்றைச் சந்தேகத்தோடு காட்டினார். பிறகு வெறும் பக்கத்துக்கு வந்தார். இதைக் காலியாக விட்டவர் அதை இட்டுக்கட்டியிருக்க மாட்டார் என்று சொல்லி ஏட்டை மூடினார். அன்று பஸ்ஸில் மலையேறியபோது வந்த நிம்மதியைப் போல இன்னொன்று அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததில்லை.

போன வாரம் அந்த ஏட்டின் என் பிரதியை நஸீமாவிடம் கொண்டுபோய், வெறும் பக்கத்தைக் காட்டி முழுக்கதையையும் சொன்னேன். மனிதர் சாவு அணுச் சிதைவு அல்ல. காரணம் ஏதாவது இருந்திருக்கும், அது நமக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன். "தெரியாத எடத்துல உன் தப்புன்னு எழுதாத கண்ணு. உங்கத்தா ஒத்துக்கமாட்டாரு" என்றேன். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து, எனக்கு டீ போட்டாள்.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பக்கம். இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.