ராபர்ட்சன்பேட்டை நாய் லாட்ஜ்

நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழிலில் நாய்களால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை. தொல்லையெல்லாம் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களால்தான்.

தொண்ணூறுகளில், தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் ஒரு பழைய மாட்டுக்கொட்டகை சும்மா கிடந்தது. என் கணவருக்குக் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. அவரோடு வேலை செய்தவர்கள் பாதிப்பேர் திருச்சி, கோயமுத்தூர் பக்கத்துக்காரர்கள். மே மாத லீவுக்கு ஊருக்குப் போகும்போது, "நாயை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க சிஸ்டர்" என்று விட்டுப்போக ஆரம்பித்தார்கள். எனக்கும் நாய் என்றால் உயிர். கொட்டகையைத் தடுத்து அறை அறையாக ஆக்கினேன். 'நாய் லாட்ஜ்' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு அட்ரஸே சொல்ல வேண்டாம்.

விதிகள் கொஞ்சம்தான். தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வீட்டில் என்ன போடுகிறீர்களோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் உடுத்திய துணி ஒன்று வேண்டும், வாசனைக்கு. ஊருக்குப் போவதற்கு முன்பே ஒருநாள் கொண்டுவந்து விட்டு ஒத்திகை பார்க்க வேண்டும். எல்லாம் எதற்கு? புது இடத்தில் அது வாயைத் திறந்து சாப்பிட வேண்டுமே, அதற்கு. நாய் வளர்த்து அவதிப்பட்டவர்களே, இந்த நாலில் ஒன்றையாவது யாராவது ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

இஸ்திரி போட்ட சட்டை

ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா, பெயர் சரோஜா, ராஜா என்ற நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். குடியாத்தத்தில் அண்ணன் மகள் கல்யாணம். வீட்டுக்காரர் போட்ட சட்டை ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். துவைக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லியும் இருந்தேன். அந்த அம்மா பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து என் கையில் மரியாதையாகக் கொடுத்தார். சோப்புப் போட்டு, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தார். மடிப்பில் கை வைத்தால் வெட்டிவிடும் போலிருந்தது. ராஜா முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

எனக்கு வந்த கோபத்தில், "வாசனைக்குத்தானேம்மா கேட்டேன், துவைக்காம கொண்டாங்கன்னு சொன்னேன் இல்ல?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், தப்பு செய்தவள் நான்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"இன்னாக்கா நீங்க, அழுக்குத் துணிய போய் ஒருத்தர் வூட்டுக்குக் குடுத்தனுப்புவாங்களா?"

வழியனுப்பு விருந்து

இது ஒரு வீட்டின் கதை இல்லை, எல்லா வீட்டின் கதை. நாளைக்கு நாயை லாட்ஜில் விட வேண்டும் என்றால் இன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் மனசு உறுத்த ஆரம்பித்துவிடும். வருஷம் முழுக்க ராகிக் களியும் மோரும் ஊற்றியவர்கள், அன்றைக்கு மட்டும் பிரியாணி செய்து எலும்பு எலும்பாகப் போடுவார்கள். குழந்தைகள் ஆளுக்கொரு பிஸ்கட். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முட்டை. அது மறுநாள் என் கொட்டகைக்கு வந்து, நான் போடும் களியைத் திரும்பியும் பார்க்காது. பார்த்தாலும் வயிறு இடம் கொடுக்காது. அதற்கப்புறம் நான் தண்ணீரும் பினாயிலுமாகப் பட்ட பாட்டை விவரிக்கவில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

பாலகாட் சுரங்கத்துப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாய்க்கு நெற்றியில் குங்குமம், கழுத்தில் எலுமிச்சம்பழம், வயிறு தம்புரா மாதிரி. வாசலில் நிறுத்திச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள். "முந்தின நாள் லேசாப் போடுங்கன்னு சொன்னேனே" என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"புள்ள வூட்ட வுட்டுப் போவுதுக்கா, வெறுஞ்சோறா போட்டு அனுப்பறது?"

எந்த பாஷை?

ஒரு ஆபீசர் வீட்டு நாய் 'உக்காரு' என்றாலும் கேட்காது, 'எழுந்திரு' என்றாலும் கேட்காது. காது சரியில்லையோ என்று நினைத்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, வீட்டில் அம்மா அதனிடம் தெலுங்கு பேசுகிறார், அப்பா கன்னடம், தோட்டக்காரர் தமிழ். யார் என்ன சொன்னாலும் அது தனக்கு இல்லை என்று இருந்து பழகிவிட்டது. அப்படியானால் நான் எதில் கூப்பிடுவது என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"நீங்க எதுல வேணா கூப்புடுங்கம்மா, கடிக்கிறப்போ அது பாஷை பாக்காது."

சாப்பிடாத மணி

சிரித்துக்கொண்டே வந்த நான் சிரிப்பை விட்டது மணி என்ற நாய் வந்தபோதுதான். அதை வளர்த்த முனிரத்தினம், தங்கச் சுரங்கத்தில் அடியில் இறங்கி மரக்கட்டை முட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர். மனைவி இறந்து, மகள் செல்வியும் கல்யாணமாகி பெங்களூர் போனபிறகு, சுரங்கத்துக்காரர்களுக்கான லைன் வீட்டில் அவரும் மணியும்தான். மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனவருக்கு, இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, உடனே பெங்களூரில் சேர்ந்து ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒத்திகைக்கெல்லாம் நேரமில்லை. அவசரமாக வந்து விட்டுப்போனார். நல்லவேளை, துவைக்காத சட்டையாகத்தான் கொடுத்தார்.

மணி அந்தச் சட்டையின்மேல் படுத்துக்கொண்டது. சாப்பிடவில்லை. களி, சோறு, பால், கறி எதைத் தட்டில் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலமானால் எதிர்க் கடை போனுக்கு பெங்களூரிலிருந்து செல்வி கூப்பிடுவாள். முதல் கேள்வியே "சாப்ட்டானா?" என்பதுதான். பொய் சொல்ல எனக்கு வாய் வராது. இல்லை என்றேன். மறுநாளும் இல்லை என்றேன். அதற்கு மறுநாள் போனில் செல்வி அழுதாள். இங்கே நாயும் போய்விடும், அங்கே மனிதரும் போய்விடுவார் போலிருந்தது. அவளுடைய அப்பா அவளிடம் சொல்லி அனுப்பியது இதுதான்.

"மணி சாப்புடலன்னா நான் கையெழுத்து போட்டுட்டு கெளம்பி வந்துடுவேன், ஆபரேசனும் வாணாம் ஒண்ணும் வாணாம்னு சொல்லு."

டிபன் பாக்ஸ்

"உங்கப்பா வீட்ல எப்படித்தான் சோறு போடுவாரு?" என்று செல்வியைக் கேட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள். அப்பா தட்டில் போடுவதே இல்லையாம். அடிக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸில் மணிக்கென்று பாதிச் சோற்றை மிச்சம் வைப்பாராம். ஷிப்டு முடிந்து சங்கு ஊதினதும் மணி வாசலில் வந்து நிற்குமாம். அவர் வந்து, குளிப்பதற்குக்கூட முன்னால், படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாராம். தட்டில் இருப்பதை அது சாப்பாடாகவே நினைத்ததில்லை.

உடனே என் கணவர் கையில் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்து ஃபாக்டரிக்கு அனுப்பினேன். நாய்க்குச் சோறு சுமக்கவா ஐடிஐ படித்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். சாயங்காலம் வந்து மணி முன்னால் திறந்தார். மணி அவர் கையை முகர்ந்தது. கிரீஸ் வாசனை. திரும்பிப் படுத்துக்கொண்டது. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. முனிரத்தினத்தோடு ஒரே இடத்தில் வேலை செய்த ஏழுமலைக்கு விஷயத்தைச் சொல்லி ஆள் அனுப்பினேன். மறுநாள் சங்கு ஊதி, கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் மேலே வந்தவர், முகம்கூடக் கழுவாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக வந்தார். உடுப்பெல்லாம் சுரங்கத்து மண். கொட்டகை வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். மணி எழுந்து வந்தது. அவருடைய முழங்காலை முகர்ந்தது, சட்டையை முகர்ந்தது. பிறகு டிபன் பாக்ஸுக்குள் மூக்கை விட்டது. தகரத்தில் நாக்குப் படும் சத்தத்தைக் கேட்டு நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை. நாயைப் பார்த்தபடியே பேசினார்.

"போய் போன் பண்ணி கத்தியை எடுக்கச் சொல்லுங்கக்கா, பையன் சாப்ட்டுக்கினு கீறான்."

திரும்பி வந்தவர்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முனிரத்தினம் ஊர் திரும்பும்வரைக்கும் ஏழுமலை எந்த ஷிப்டு போனாலும், அந்த ஷிப்டு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார். முனிரத்தினம் வந்தபோது பாதியாக இளைத்திருந்தார். மணி அவர்மேல் விழுந்து புரண்டதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்தான் சந்தோஷமாக இல்லை. இனிமேல் அடியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வேலை போயிற்று. "ஷிப்டுக்குப் போவாதவன் கையால இவன் எப்படிக்கா சாப்புடுவான்?" என்று கேட்டார். வீட்டு நாயை வெளியிடத்தில் இருக்கப் பழக்க எனக்குத் தெரியும். சொந்த வீட்டில் சாப்பிடப் பழக்குவது என் தொழிலில் இல்லை. மணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்துச் சந்தை முடிந்து வரும்போது ரோட்டில் அவரைப் பார்த்தேன். பழைய வேலை உடுப்பு, முழங்கால் வரை மண், கையில் டிபன் பாக்ஸ். அப்போதுதான் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. உயிரோடு விளையாடுகிறீர்களா, மறுபடியும் இறங்குகிறீர்களா என்று நடுரோட்டில் சத்தம் போட்டுவிட்டேன். அவர் வெட்கப்பட்டு, டிபன் பாக்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எறங்கலக்கா, சொரங்க ஷாஃப்ட் கேட்டாண்ட மண்ணுல குந்திக்கினு இருந்துட்டு சங்கு ஊதினா வூட்டுக்கு வரேன், அவன் சாப்புடணும் இல்ல?"

அத்தனை வருஷம் லாட்ஜ் நடத்தி எத்தனையோ நாய்களைப் பழக்கினேன் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். நாய்களைக் கேட்டால், ஆட்களைப் பழக்கினது தாங்கள்தான் என்று சொல்லும்.